மறுசுழற்சிக் காகிதத்தில் நானோ நார்: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

பழைய அட்டைப் பெட்டியைக் கரைத்துக் கிராஃப்ட் பேப்பர் ஓட்டும் ஆலையில் செல்லுலோஸ் நானோ நாரைச் சேர்த்துச் சோதனை ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆய்வகத்தில் கைத்தாள் வார்க்கும் மாணவர்களுக்கும் இதில் பெரும்பகுதி உதவும். நானோ நார் ஜெல் கைக்கு வந்துவிட்டது, பல்ப்பில் (காகிதக் கூழில்) கலந்தும் பார்த்தாகிவிட்டது, ஆனால் படித்த பலன் மட்டும் வரவில்லை. இந்த இடத்தில்தான் பலரும் "இது நமக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடுவதற்கு முன் கீழே உள்ளதை ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை காய்ந்த நார், மறுபடி தண்ணீரில் போட்டாலும் முன்போல உப்புவதில்லை. அதன் சுவரில் உள்ள நுண்துளைகள் காயும்போது மூடிக்கொள்கின்றன. மூடியதில் ஒரு பங்கு திரும்பத் திறப்பதே இல்லை. ஜெர்மன் வேதியியலர் கேயோர்க் யாய்மே 1944-இலேயே இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். இப்படி விறைத்துப்போன நார் பக்கத்து நாரோடு படிந்து ஒட்டாது. ரீஃபைனரில் கூடுதலாக அரைத்தால் ஒட்டும் தன்மை கொஞ்சம் திரும்பும்; கூடவே நாரும் வெட்டுப்படும், தூளும் பெருகும், அடுத்த சுழற்சிக்கு அந்த நார் இன்னும் மோசமாகப் போய்ச் சேரும். நானோ நார் பழைய நாரை வெட்டிச் சிதைப்பதில்லை. சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை அகலமும் மைக்ரான் கணக்கில் நீளமும் கொண்ட அந்த இழைகள் இரண்டு நாருக்கு நடுவே படிந்து, ஒட்டும் பரப்பைக் கூட்டுகின்றன. மறுசுழற்சிக் காகிதத்துக்கு இதைவிடப் பொருத்தமான மருந்தை நான் பார்த்ததில்லை. அதனால்தான் சின்னக் கோளாறுகளுக்காக இதைக் கைவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோளாறில் பெரும்பங்கு தண்ணீரில்தான் ஒளிந்திருக்கும். நானோ நார் எந்தத் தண்ணீரில் பரவியது, எந்தத் தண்ணீரோடு வெளியேறியது என்ற இரண்டு கேள்வியையும் கையில் வைத்துக்கொண்டே தேடுங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன்

ஒப்பிட இரண்டு தாள் வேண்டும். முதலாவது, அதே நாள், அதே பல்ப், நானோ நார் இல்லாதது. நேற்றைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடாதீர்கள். வேஸ்ட் பேப்பர் லாட் மாறினாலே பிஎஃப் (பர்ஸ்ட் ஃபேக்டர்: தாள் வெடிக்கும் அழுத்தமான பர்ஸ்ட்டை ஜிஎஸ்எம்மால் வகுத்த எண்) இரண்டு மூன்று புள்ளி ஆடும். இரண்டாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள்: நானோ நார் சேர்த்த பல்ப்பின் எஸ்.ஆர். (தண்ணீர் எவ்வளவு மெதுவாக வடிகிறது என்று காட்டும் எண்) எவ்வளவோ, வெறும் பல்ப்பை அதே எஸ்.ஆர். வரும்வரை அரைத்து வார்த்த தாள். இரண்டுக்கும் வலு சமமாக இருந்தால் உங்கள் நானோ நார் வெறும் தூளாகத்தான் வேலை செய்கிறது. நானோ நார் தாள் முந்தினால் மட்டுமே மேற்கொண்டு செலவு செய்யலாம்.

சாம்பிளைப் பதப்படுத்தாமல் சோதிக்காதீர்கள். ஐ.எஸ்.ஓ. 187 தரப்படி 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்கு 27 டிகிரி, 65 சதவீதம் என்ற மாற்றும் அதே தரத்தில் உண்டு. எதை எடுத்தாலும் இரண்டு தாளும் ஒரே அறையில், ஒரே நேரம் கிடக்க வேண்டும். ஜிஎஸ்எம்மையும் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கூடவே எழுதி வையுங்கள். 120 ஜிஎஸ்எம்மில் 18 பிஎஃப் என்றால் பர்ஸ்ட் சதுர சென்டிமீட்டருக்கு 2.16 கிலோ. அதே 2.16 கிலோ 125 ஜிஎஸ்எம் தாளில் வந்தால் அது 17.3 பிஎஃப்தான். தாள் கனத்ததை வலு என்று எண்ணி ஏமாறுவது இங்கே மிக எளிது.

"பிஎஃப் ஏறவே இல்லை"

அடிக்கடி கேட்கும் புகார் இதுதான். மூன்று காரணம், அதே வரிசையில் பாருங்கள்.

முதலில் டோஸ் கணக்கு. ஒரு டன் காய்ந்த பல்ப்புக்கு 2 சதவீதம் என்றால் 20 கிலோ காய்ந்த நானோ நார். ஜெல்லில் நார் இருப்பதே 2 சதவீதம்தான், மீதி 98 சதவீதமும் தண்ணீர். அப்படியானால் ஊற்ற வேண்டிய ஜெல் 1,000 கிலோ. "20 கிலோ போடு" என்று சொல்லி 20 கிலோ ஜெல்லை ஊற்றியிருந்தால் பல்ப்புக்குப் போய்ச் சேர்ந்தது 400 கிராம், அதாவது 0.04 சதவீதம். எந்தக் கருவியிலும் அது தெரியாது. ஜெல் டிரம்மின் லேபிளையும் நம்ப வேண்டாம். நன்றாகக் கிளறி, மேலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து, 105 டிகிரி ஓவனில் காயவைத்து எடை போடுங்கள். ஓரம் காய்ந்த டிரம்மில் மேலும் கீழும் ஒரே அளவு இருக்காது.

கணக்கு சரி என்றால் இரண்டாவது கேள்வி: போட்ட நார் தாளில் தங்கியதா? தாள் படியும் வலையான வயரின் கண்ணைவிட நானோ நார் பல்லாயிரம் மடங்கு சிறியது. பெரிய நாரோடு பிடித்துக்கொள்ளாத நானோ நார் பேக் வாட்டரோடு (வயருக்கு அடியில் வடியும் தண்ணீரோடு) இறங்கிவிடும். தண்ணீரில் அது கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. கலங்கலை வைத்து முடிவு செய்ய முடியாது. ஒரு எளிய சோதனை உண்டு. டோஸ் தொடங்குவதற்கு முன் வயர் டிரேயிலிருந்து 100 மில்லி பேக் வாட்டர் எடுத்து, புனலில் வடிதாள் வைத்து, வடிந்து முடிய எத்தனை நொடி என்று பாருங்கள். டோஸ் தொடங்கிச் சில மணி நேரம் கழித்து அதே இடம், அதே அளவு, அதே வகைத் தாள். முன்பு சீராக வடிந்த தண்ணீர் இப்போது பாதியிலேயே நின்று, தாளின் மேல் வழவழப்பான படலம் ஒன்று படிந்திருந்தால், உங்கள் நானோ நார் அங்கேதான் இருக்கிறது. விரலால் தடவினால் கையிலேயே தெரியும்.

எண்ணாகவும் வேண்டும் என்றால் ஹெட்பாக்ஸ் (பல்ப்பை வயர் மேல் விடும் பெட்டி) கன்சிஸ்டென்சியையும் (நாரின் சதவீதம்) டிரே தண்ணீரின் கன்சிஸ்டென்சியையும் எடுங்கள். 0.80-உம் 0.24-உம் என்றால் முதல் சுற்றிலேயே தங்குவது 70 சதவீதம். டோஸ் கூடக்கூட இந்த எண் இறங்கினால் நார் நழுவுகிறது என்று பொருள்.

நழுவுவதற்குக் காரணம் மின்னேற்றம். பல்ப் நாரும் எதிர்மின், நானோ நாரும் எதிர்மின்; ஒன்றை ஒன்று தள்ளும். நடுவில் நேர்மின் கொண்ட ஒரு பொருள் பாலமாக நிற்க வேண்டும். கேட்டயானிக் ஸ்டார்ச் அதற்கு நல்ல தொடக்கம், பல்ப்பில் 0.5 முதல் 1 சதவீதம் வரை வைத்துப் பாருங்கள். வரிசை முக்கியம். நானோ நாரை 3, 4 சதவீதக் கெட்டிப் பல்ப்பில், அதாவது மெஷின் செஸ்ட் என்ற பல்ப் தொட்டிக்கு முன்பே கலந்து, கால் மணி நேரமாவது சுழலவிடுங்கள். அப்புறம் ஸ்டார்ச். நாரைத் தாளில் தங்கவைக்கும் ரிட்டென்ஷன் பாலிமர் கடைசியாக, ஹெட்பாக்ஸுக்குப் பக்கத்தில். இதைத் தலைகீழாக்கி, பாலிமர் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரில் நானோ நாரை ஊற்றினால் அது பெரிய நாரைத் தேடிப் போவதற்கு முன்பே தனக்குள் சுருண்டுவிடும்.

மூன்றாவது காரணம் ஜெல் பரவாமல் கிடப்பது. அதற்கு அடுத்த சில பத்திகளில் தனித் தலைப்பு உண்டு.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால், பல்ப்பில் ஏற்கெனவே தூள் நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். எஸ்.ஆர். 40-ஐத் தாண்டி அரைத்து வைத்த பல்ப்பில் ஒட்டும் பரப்புக்குக் குறையே இல்லை. நானோ நாருக்கு அங்கே வேலை கிடையாது. ரீஃபைனர் லோடைக் குறைத்து, நார் நீளத்தைக் காப்பாற்றி, அந்த இடத்தில் நானோ நாரை வையுங்கள். மேலே ஏற்றிவைக்கிற கூடுதல் சரக்காக நினைக்காமல், ரீஃபைனருக்குப் பதிலாக நினைத்தால் பாதிப் பிரச்சினை தானாகத் தீரும். ஸ்பெயினில் கிரோனா பல்கலைக்கழகக் குழு மறுசுழற்சிப் பல்ப்பில் இதே கோணத்தில்தான் வேலை செய்திருக்கிறது: அரைப்பதற்கு மாற்றாக நானோ நார்.

"வயரில் தண்ணீர் வடியவில்லை, மெஷின் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள்"

இந்தப் புகார் நியாயமானது. தண்ணீரைப் பிடித்து வைப்பது நானோ நாரின் இயல்பு. 2 சதவீதத்திலேயே அது ஜெல்லாக நிற்கிறது என்றால் காரணம் அதுதான். ஆப்பரேட்டரிடம் வாதாடாதீர்கள், அவர் சொல்வது சரி.

இழப்பை முதலில் எண்ணாகப் பாருங்கள். பிரஸ்ஸை விட்டு வரும் தாளின் காய்வு 42 சதவீதம் என்றால் ஒரு கிலோ நாரோடு 1.38 கிலோ தண்ணீர் வருகிறது. காய்வு 40-க்கு இறங்கினால் அது 1.5 கிலோ. இரண்டே புள்ளிதான், ஆனால் டிரையரில் ஆவியாக்க வேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் கூடிவிடும். பாய்லர் விறகு, நிலக்கரிச் செலவு அப்படியே அதன் பின்னால் போகும். பிஎஃப் ஏற்றத்தால் கிடைக்கும் லாபத்தை இந்தச் செலவோடு கழித்துப் பார்க்காத சோதனை அறிக்கை அரைகுறையானது.

சரிசெய்யும் வழி இது. ஒன்று, மேலே சொன்னபடி ரீஃபைனரைத் தளர்த்துங்கள். நானோ நார் கூட்டிய எஸ்.ஆரை அரைப்பில் திரும்ப எடுத்துவிடலாம். இரண்டு, ரிட்டென்ஷன் பாலிமரைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். நழுவித் திரியும் நானோ நார் ஈரத்தாளின் கண்களில் போய் அடைத்துக்கொள்கிறது. பெரிய நார் மேல் படிந்துவிட்ட நானோ நார் அந்த அளவுக்கு அடைப்பதில்லை. அதனால் தங்கும் அளவு ஏறும்போது வடிவதும் சீராகும். மாட்ரிட் கம்ப்ளூடென்ஸே பல்கலைக்கழகத்தில் மறுசுழற்சிப் பல்ப்பில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன: சரியான பாலிமரோடு சேர்ந்தால் வலுவையும் வாங்கிக்கொண்டு வடிதலையும் காப்பாற்றிக்கொள்ளலாம். உங்கள் பல்ப்புக்கு எது ஒத்துவரும் என்பதை பீக்கரில் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த ஆலையில் ஒத்துவந்தது இங்கே ஒத்துவரும் என்று இல்லை.

மூன்றாவது வழி, டோஸைக் குறைப்பது. ஆய்வுகளில் 3, 5 சதவீதம் என்று படித்துவிட்டு அங்கேயே தொடங்குகிறார்கள். மெஷினில் அரை சதவீதத்தில் தொடங்கி 1, அப்புறம் 1.5 என்று ஏறுங்கள். வலு ஏறுவது மெதுவாகி வடிதல் கெடத் தொடங்கும் ஒரு புள்ளி வரும்; அதைத் தாண்டிப் போவதில் அர்த்தமில்லை.

பல்ப்பை நீளநார், குட்டைநார் என்று பிரிக்கும் வசதி இருந்தால் நானோ நாரை நீளநார்ப் பக்கத்தில் மட்டும் சேருங்கள். தூள் மிகுந்த குட்டைநார்ப் பக்கத்தில் போட்டால் வடிதல் கெடும், வலுவும் பெரிதாக வராது.

"தாளில் கட்டி, மீன்கண் மாதிரிப் புள்ளி, மேகம் போட்ட தோற்றம்"

ஜெல் பிரியவில்லை. கேழ்வரகு மாவைக் கரைக்காமல் நேராகக் கொதிக்கும் உலையில் கொட்டினால் எப்படிக் கட்டி தட்டுமோ, இங்கேயும் அப்படித்தான்: கட்டியின் வெளித்தோல் தண்ணீரைப் பிடித்து இறுகிவிடும், உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். செஸ்ட்டின் அஜிட்டேட்டர் எவ்வளவு நேரம் சுற்றினாலும் இதை உடைக்காது.

ஜெல்லை முதலில் 0.5 சதவீதம் அளவுக்குத் தனித் தொட்டியில், வேகமாகச் சுழலும் பிளேடு கொண்ட மிக்சரில் நீர்க்கவிட்டு, அப்புறம் பல்ப்புக்கு அனுப்புங்கள். ஆய்வகத்தில் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும் வழக்கமான டிஸின்டிக்ரேட்டர் போதும்.

பிரிந்ததா என்று பார்க்க: நீர்க்கவிட்ட நாரில் கொஞ்சம் எடுத்து, செல்லுலோஸில் ஏறும் டைரக்ட் சாயம் ஒரு சொட்டு விடுங்கள். ஆலையில் ஷேடுக்கு வைத்திருப்பதே போதும். இன்னும் தண்ணீர் விட்டு 0.1 சதவீதமாக்கி, கண்ணாடித் தகட்டில் மெல்லப் பரப்பி, அடியில் விளக்கு வைத்துப் பாருங்கள். சீரான வெளிர் நிறம் தெரிந்தால் நல்லது. அடர்த்தியான புள்ளிகளும் சுற்றி வெறுமையும் தெரிந்தால் மிக்சரில் இன்னும் ஓட வேண்டும். இரண்டு நிமிட வேலை இது. ஒவ்வொரு பேட்சுக்கும் செய்யச் சொல்கிறேன்.

காயவைத்துப் பொடியாக்கிய நானோ நாரை வாங்கியிருந்தால் இங்கே சங்கடம்தான். சுமைக் கூலி மிச்சம் என்று பொடி வாங்கத் தோன்றும். ஆனால் பழைய காகித நாருக்கு நேர்ந்த அதே விறைப்பு, காய்ந்த நானோ நாருக்கும் நேரும். பரப்பு அதிகம் என்பதால் இன்னும் மோசமாகவே நேரும். பிரிந்து வருவதற்கென்று தனிச் சேர்க்கை போட்டுக் காயவைத்த சரக்கு இல்லையென்றால், அது திரும்ப நானோ நாராக ஆகாது. உறைய விட்ட ஜெல்லுக்கும் இதே கதிதான், ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

ஜெல் நன்றாகப் பிரிந்திருந்தும் மேகம் போட்டால் பாலிமர் கூடிவிட்டது. அளவுக்கு மீறிய நேர்மின் பாலிமர் நாரையெல்லாம் கொத்தாகக் கட்டிவிடும். பாலிமரைப் பாதியாக்கி மறுபடி பாருங்கள்.

"ஒரு வாரம் நன்றாக வந்தது, அடுத்த வாரம் அதே டோஸ், ஒன்றும் இல்லை"

இதைக் கேட்டவுடன் நான் கேட்கும் கேள்வி: தண்ணீரின் கண்டக்டிவிட்டி (மின்கடத்தும் திறன்) என்ன? மறுசுழற்சி ஆலைகளில் தண்ணீரை வெளியே விடாமல் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் உப்பு ஏறுகிறது, கால்சியம் ஏறுகிறது, பழைய ஸ்டார்ச்சும் மை, பசைக் கழிவும் சேர்ந்து எதிர்மின் அழுக்காகக் குவிகின்றன. பாலமாக நிற்க வேண்டிய கேட்டயானிக் ஸ்டார்ச்சை இந்த அழுக்கு முதலில் விழுங்கிவிடும், நானோ நாருக்கு மிச்சம் இருக்காது. வேஸ்ட் பேப்பரில் வெள்ளைக் காகிதம், பூச்சுக் காகிதம் கலந்து வந்த வாரமாக இருந்தால் கால்சியம் கார்பனேட் கூடியிருக்கும். படிகாரம் போட்டு அமிலத்தில் ஓட்டும் ஆலையில் அது கரைந்து கால்சியமாகத் தண்ணீரில் இறங்கும்.

இதில் நானோ நாரின் வகை பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா இசோகாயின் குழு உருவாக்கிய டெம்போ முறை (TEMPO என்ற வினையூக்கியால் நாரை ஆக்சிஜனேற்றும் முறை) நானோ நார் மிக நுண்ணியது, 3, 4 நானோமீட்டர் அகலம்தான். அந்தக் கண்டுபிடிப்புக்கு 2015-இல் மார்கஸ் வாலன்பெரி பரிசும் கிடைத்தது. அதன் மேல்பரப்பு முழுக்கக் கார்பாக்சில் தொகுதிகள், கிராமுக்கு 1 முதல் 1.5 மில்லிமோல் வரை. கால்சியமும் அலுமினியமும் அந்தத் தொகுதிகளை ஒன்றோடு ஒன்று தைத்துவிடும். கடின நீரில் அது பரவாமல் திரளும். இயந்திரத்தில் அரைத்தோ, என்சைம் கொடுத்து அரைத்தோ எடுக்கும் நாரில் மின்னேற்றம் மிகக் குறைவு. அழுக்குத் தண்ணீரை அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பழைய பெட்டியிலிருந்து கிராஃப்ட் ஓட்டும் ஆலைக்கு இந்த இரண்டாவது வகைதான் தகும் என்பது என் உறுதியான கருத்து. டெம்போ நாரின் அருமை தெளிந்த படலத்திலும் மேற்பூச்சிலும் வெளிப்படும். நம் பேக் வாட்டரில் அதைக் கரைப்பது வீண்.

சோதனை எளிது. இரண்டு கண்ணாடி ஜாடி எடுங்கள்: ஒன்றில் டிஸ்டில்டு வாட்டர், இன்னொன்றில் வடிகட்டிய பேக் வாட்டர். இரண்டிலும் நானோ நாரை 0.1 சதவீதமாகக் கலக்கி ஒரு மணி நேரம் ஆடாமல் வையுங்கள். டிஸ்டில்டு வாட்டரில் மேலிருந்து கீழ்வரை சீராக நின்று, பேக் வாட்டரில் மட்டும் பஞ்சு போலத் திரண்டு படிந்தால் குற்றவாளி தண்ணீர். அப்போது ஜெல்லை நீர்க்கவிடும் தொட்டிக்கு மட்டுமாவது புதுத் தண்ணீர் கொடுங்கள். பல்ப்புக்கு முன்கூட்டியே ஒரு கோயாகுலன்ட் போட்டு அழுக்கைக் கட்டினால் ஸ்டார்ச் தன் வேலைக்குத் திரும்பும். கண்டக்டிவிட்டி, கடினத்தன்மை, பி.எச். மூன்றையும் ஷிப்ட்டுக்கு ஒருமுறை டோஸுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஒரு மாதம் எழுதினால் எந்த எண்ணைத் தாண்டும்போது பலன் போகிறது என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

"பர்ஸ்ட் ஏறியது, ஆனால் பெட்டி நிற்கவில்லை"

நானோ நார் தாளை இறுக்குகிறது. அதே ஜிஎஸ்எம்மில் தடிமன் குறைகிறது. தாளின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்தொடர்வது. மற்றதெல்லாம் மாறாமல் தடிமன் மட்டும் 5 சதவீதம் குறைந்தால் விறைப்பு 14 சதவீதம் போகும். இறுகிய தாள் இழுபடாமல் நிற்பதால் இந்த இழப்பில் ஒரு பங்கு ஈடாகும், முழுதும் ஆகாது. கிழிவலுவும் பெரும்பாலும் ஏறாது, சில சமயம் இறங்கும்.

பல அடுக்கு அட்டையென்றால் தீர்வு நேரானது: நானோ நாரை வெளி அடுக்குகளில் மட்டும் போடுங்கள், நடு அடுக்கு பருமனாகவே இருக்கட்டும். ஒற்றை அடுக்குக் கிராஃப்டில் அந்த வசதி இல்லை. அங்கே ஈரப் பிரஸ்ஸின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கலாம். ஆனால் அது காய்வில் கை வைக்கும். வாடிக்கையாளர் கேட்பது பிஎஃப்பா, ரிங் கிரஷ்ஷா (வளையமாக்கிய தாள் நசுங்காமல் தாங்கும் வலு) என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. பெட்டி அடுக்கில் நசுங்காமல் நிற்பதற்கு ரிங் கிரஷ்தான் நெருக்கமான அளவு. பிஎஃப்பை மட்டும் துரத்துவதில் பலனில்லை.

"தாள் சுருள்கிறது, டிரையரில் கொப்புளம், கோந்து பிடிக்கவில்லை"

மூன்றுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றே: காற்றுப் போக வழி அடைபட்டிருக்கிறது. நானோ நார் துளைகளை மூடுவதால் குர்லே நொடி (குறிப்பிட்ட அளவு காற்று தாளை ஊடுருவ எடுக்கும் நேரம்) ஏறும். டிரையரின் முதல் சிலிண்டர்களில் சூடு அதிகமாக இருந்தால் உள்ளே உண்டாகும் நீராவி வெளியேற முடியாமல் கொப்புளிக்கும். முதல் சில சிலிண்டர்களின் ஸ்டீமைக் குறைத்து, சூட்டைப் படிப்படியாக ஏற்றுங்கள். சுருள்வது மேல், அடிப் பக்கங்களில் நார் சமமாகத் தங்காததாலும் வரும். வயர்ப் பக்கம் நழுவியிருந்தால் ரிட்டென்ஷனுக்குத் திரும்பிப் போங்கள். காயும்போது தாள் கூடுதலாகச் சுருங்கும் என்பதையும் டெக்கிள் (மெஷினில் தாள் ஓடும்) அகலத்தில் கணக்கு வையுங்கள்.

நெளி அட்டை செய்யும் கொருகேட்டரில் கோந்து உள்ளே இறங்காமல் மேலேயே நின்றால் கோப் அளவைப் (தாள் எவ்வளவு தண்ணீர் உறிஞ்சுகிறது என்பதை) பாருங்கள். தண்ணீர் ஊறாமல் தடுக்கும் சைஸிங்கைக் கொஞ்சம் குறைக்க இடமிருக்கும். சிமென்ட் பைக் காகிதத்துக்கு மட்டும் எச்சரிக்கை: நிரப்பும்போது பையிலிருந்து காற்று வெளியேறியே ஆக வேண்டும். அங்கே நானோ நார் டோஸைக் குர்லே எண் முடிவு செய்யட்டும், வலு முடிவு செய்ய வேண்டாம்.

"ஜெல் நாறுகிறது, நீர்த்துப் போகிறது"

கிருமி. நம் ஊர் வெயிலில் மூடாத டிரம்மில் ஜெல் சில நாளிலேயே கெடும். புளித்த வாடை, நிறப்புள்ளி, அப்புறம் கெட்டித்தன்மை போய் நீராகும். ஆய்வகத்தில் 4 டிகிரியில் வையுங்கள், ஆலையில் பயோசைடு போட்டு சீக்கிரம் செலவழியுங்கள். வாடை ஏதும் இல்லாமல் ஜெல் நீர்த்துப்போனால் வேறு காரணம்: என்சைம் முறையில் தயாரித்த நாரில் என்சைமைச் செயலிழக்கச் செய்யாமல் விட்டிருப்பார்கள். அரைத்த கையோடு 80, 90 டிகிரிக்குச் சூடாக்கியிருக்க வேண்டும். அந்த ஜெல்லைப் பல்ப்பில் ஊற்றினால் நல்ல நாரையும் அது கடிக்கத் தொடங்கும். தூக்கிப் போடுங்கள்.

"டோஸ் பம்ப் சுற்றுகிறது, ஜெல் வரவில்லை"

சென்ட்ரிஃபியூகல் பம்ப்பை மாற்றுங்கள். நிற்கும்போது ஜெல் கெட்டி, நகரும்போதுதான் இளகும். சக்ஷன் பக்கத்தில் அது தானாக இறங்கி வராது. மோனோ பம்ப் என்று நாம் சொல்லும் ஸ்க்ரூ வகை நன்றாகத் தள்ளும். கிளறும்போது புகுந்த காற்றுக் குமிழி ஜெல்லுக்குள் நாள்கணக்கில் நிற்கும். ஃப்ளோமீட்டர் ஆடினால் அதைச் சந்தேகியுங்கள்.

"நாங்களே தயாரிக்கிறோம்: ஹோமோஜினைசர் அடைக்கிறது, மின்கட்டணம் தாங்கவில்லை"

98 சதவீதத் தண்ணீரை லாரியில் ஏற்றி வருவது கட்டுப்படியாகாது என்பதால் ஆலையிலேயே தயாரிக்க நினைப்பது சரியான எண்ணம். காயவைக்கவே வேண்டாம் என்பது இன்னொரு நன்மை.

1970-களின் இறுதியில் அமெரிக்காவின் ஐ.டி.டி. ரேயோனியர் ஆய்வகத்தில் டர்பக் குழுவினர் பல்ப்பை உயர் அழுத்த ஹோமோஜினைசரில் திரும்பத் திரும்பச் செலுத்தி இந்த ஜெல்லை முதலில் எடுத்தபோதே அடைப்பும் மின்செலவும் தலைவலியாக இருந்தன. முன்பதப்படுத்தாத பல்ப்பில் டன்னுக்கு 20,000 யூனிட்டுக்கு மேல் போகும். தொழில் அப்படியே சில பத்தாண்டுகள் நின்றுபோனதற்கு அது பெரிய காரணம். 2000-களில் எண்டோகுளூக்கனேஸ் என்சைம் கொடுத்து நாரைத் தளர்த்திவிட்டு அரைக்கும் முறை வந்த பிறகுதான் செலவு பல மடங்கு இறங்கியது.

ஆகவே அடைத்தால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். பல்ப்பை ரீஃபைனரில் நன்றாக அரைத்து, 50 டிகிரி, பி.எச். 5 அருகில் இரண்டு மணி நேரம் என்சைம் கொடுத்து, அப்புறம் செலுத்துங்கள். கல் அரைவை இயந்திரம் வைத்திருப்பவர்கள், ஜப்பானின் மசுகோ போன்றவை, கல்லும் கல்லும் உரசும் பூஜ்யப் புள்ளியைக் காது வைத்தே கண்டுபிடிக்கலாம். பல்ப் ஓடாதபோது மட்டும் கல்லைச் சேர்த்துவிடாதீர்கள், கல் தேய்ந்து அந்தத் துகள் ஜெல்லில் வரும். மூலப்பல்ப்பாகப் பழைய பெட்டியையே எடுக்க வேண்டியதில்லை. கரும்புச் சக்கைப் பல்ப், பருத்தி நூற்பாலைக் கழிவு இரண்டும் நம் பக்கத்தில் கிடைப்பவை. மும்பையில் உள்ள மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சிர்காட், பருத்தியிலிருந்து நானோ செல்லுலோஸ் எடுக்கும் முன்னோடி ஆலையே வைத்திருக்கிறது. இன்னொரு சலுகை: காகித வலுவுக்கு எல்லா இழையும் நானோ அளவுக்குப் போக வேண்டும் என்பதில்லை. பாதி பிரிந்த, கொஞ்சம் முரட்டு நாரே போதும். அது வயரில் நன்றாகத் தங்கும், வடிதலையும் குறைவாகக் கெடுக்கும், மின்சாரமும் மிச்சம்.

"ஆய்வகத்தில் வந்தது, மெஷினில் வரவில்லை"

கைத்தாள் வார்க்கும் கருவியில் புதுத் தண்ணீர், நிதானமான வடிதல், ஒரே சுற்று. மெஷினில் சுழலும் தண்ணீர், வாக்குவம், நொடிக் கணக்கில் முடியும் தாள். ஆய்வகத் தாளை டிஸ்டில்டு வாட்டரில் வார்த்திருந்தால் அந்த எண்ணை மெஷினுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். பேக் வாட்டரில் வார்த்து, முடிந்தால் வடிந்த தண்ணீரையே அடுத்த தாளுக்குத் திருப்பிவிட்டு, ஐந்தாறு தாள் கழித்து வருவதைச் சோதியுங்கள். மெஷினுக்கு நெருக்கமான எண் அப்போதுதான் கிடைக்கும்.

மெஷின் சோதனையில் பொறுமை வேண்டும். நானோ நார் டோஸை மாற்றிய அரை மணியில் ரீலிலிருந்து சாம்பிள் எடுத்து முடிவு சொல்பவர்கள் உண்டு. பேக் வாட்டர் சுற்று நிலைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். அதுவரை தாளில் இருப்பது போட்ட அளவும் இல்லை, தங்கும் அளவும் இல்லை. டிரேயின் கன்சிஸ்டென்சி தொடர்ந்து மூன்று சாம்பிளில் மாறாமல் நின்ற பிறகு ரீலில் எடுங்கள். டோஸை நிறுத்திய பிறகும் அதே கால அளவுக்குச் சாம்பிள் எடுத்துக்கொண்டே இருங்கள். தண்ணீரில் தேங்கிய நார் தீரும்வரை தாள் பழைய நிலைக்கு வராது, "நிறுத்தியும் வலு இருக்கிறதே" என்று யாராவது சொன்னால் அதற்குக் காரணம் இதுதான்.